ஒன்பது மணிக்கே தெரிந்தது

மருத்துவ உளவியல் முதுகலையில் முதல் வருஷத் தேர்வு முடிந்ததும், கோடையில் ஆறு வாரம் எங்காவது களப்பயிற்சிக்குப் போயாக வேண்டும். அங்கே பார்த்த ஒருவரைப் பற்றி நாற்பது பக்கத்துக்குக் குறையாமல் அறிக்கை எழுதித் தர வேண்டும். கூடப் படித்தவர்கள் சென்னையிலேயே பெரிய ஆஸ்பத்திரிகளாகப் பார்த்துச் சேர்ந்துகொண்டார்கள். நான் மரக்காணத்தைக் கேட்டு வாங்கினேன். எங்கள் வீடு பெரிய முதலியார்சாவடியில் இருந்தது. பாண்டியிலிருந்து வரும் காலை பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்கு மரக்காணத்தில் இறங்கிவிடலாம். எண்பத்தெட்டாம் வருஷம், மே மாதம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் பேராசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். ஒல்லியான, குரலை உயர்த்தாத மனுஷி. அவர் கேள்வி கேட்டால் பதிலை விடக் கேள்விதான் நம்மோடு வீடுவரை வரும்.

"நீ மாணவி. கேட்டு எழுதிக்கிட்டு வா, அவ்வளவுதான். யாரையும் சரிபண்ணப் பார்க்காதே. சந்தேகம்னா எனக்கு போன் பண்ணு."

சரி மேடம் என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

கிளினிக் என்பது கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை. ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. புதன்கிழமைதோறும் பாண்டியிலிருந்து ஒரு மனநல டாக்டர் ஜீப்பில் வருவார். காலையிலிருந்து ஒரு மணிவரை பார்ப்பார், போய்விடுவார். மற்ற நாளில் அங்கே ஒரே ஒருத்தர்தான். வீடு வீடாகப் போய், மாத்திரை சாப்பிடுகிறார்களா, மறுபடி டாக்டரிடம் வருகிறார்களா என்று பார்த்துக்கொள்கிற களப்பணியாளர். நாற்பது வயதிருக்கும். கிறிஸ்தவக் குடும்பம். முப்பது வயதுவரை உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர். ஊரே அவரை அக்கா என்றது, நானும் அக்கா என்றேன்.

இரண்டாவது வாரம் ஒரு பெண் வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். தலையில் முக்காடு, இடுப்பில் சாவிக்கொத்து. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரர் வளைகுடாலேர்ந்து வந்திருக்காரு. நாலு வருஷம் கழிச்சு. நோன்புப் பெருநாளைக்குப் பத்து நாள் முன்னாடி வந்தாரு. வந்ததுலேர்ந்து சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"யார்கிட்டயும் பேசறதில்ல. புள்ளையப் பக்கத்துல விடறதில்ல. புள்ளைக்கு அவரை ஞாபகம் இல்லதான், ஒரு வயசுல விட்டுட்டுப் போனாரு, இப்ப அதுக்கு அஞ்சு. ஆனா அது அத்தா அத்தான்னு போனாலும் இவரு எழுந்து வேற ரூமுக்குப் போயிடறாரு."

அந்தப் புதன்கிழமை அவள் வீட்டுக்காரர் டாக்டரிடம் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், தெளிவான பேச்சு. தூக்கம் சரியில்லை என்று மட்டும் சொன்னார். கூட வந்த அண்ணன் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். ரிட்டர்ன் விசா இருக்கிறது, சீட்டில் பைத்தியம் கியித்தியம் என்று எதையும் எழுதிவிடாதீர்கள் என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். டாக்டர் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். என்னைப் பார்த்து, "இவர்கிட்ட முழு விவரமும் எடுத்து வைங்க, அடுத்தடுத்த வாரம் பார்ப்போம்" என்றார். எனக்கு என் நாற்பது பக்கம் கிடைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து அவர் காலை எட்டரைக்கு வர ஆரம்பித்தார். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் வந்து வாசலில் நிற்பார். என்னை சிஸ்டர் என்பார். பாலைவனத்தில் ஒரு தண்ணீர் பம்ப் ஸ்டேஷனில் ஆபரேட்டர் வேலை. சுற்றி முப்பது கிலோமீட்டருக்கு யாரும் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவை சாப்பாட்டு வண்டி வரும். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டதால் நடுவில் ஒரு தடவைகூட ஊருக்கு வர முடியவில்லை.

"பேசறதுக்கு யாரும் இல்லாம எப்படி இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"கேசட் இருந்துச்சு" என்றார்.

மறுநாள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பதினோரு கேசட். அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதில் பேச்சைப் பதிவுபண்ணி, ஊரிலிருந்து போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண் எழுதி ஒட்டியிருந்தார். மனைவி ஊர் விஷயமெல்லாம் சொல்லி முடித்ததும், கடைசியில் குழந்தையைப் பேச வைத்திருக்கிறாள். முதல் கேசட்டில் வெறும் மழலை. பிறகு "அத்தா". பிறகு சொற்கள். அந்தக் குரலைப் பம்ப் சத்தத்துக்கு நடுவே காதில் வைத்து எத்தனையோ நூறு தடவை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு கேசட்டிலும் குழந்தை எங்கே சிரிக்கும், எங்கே தும்மும் என்று ஓடவிடாமலே சொன்னார்.

"வீட்டுல இருக்குற புள்ளையைப் பார்க்கும்போது எப்படி இருக்கு?"

"அது எனக்குப் பழகல சிஸ்டர்."

அது என்றார். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு என்ன யோசித்தேன் என்பதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இது நோயே இல்லை, பிரிவு என்று யோசித்தேன். நாலு வருஷம் குரலைமட்டும் கேட்டவருக்கு உருவம் அன்னியமாகத்தானே இருக்கும். குரலையும் உருவத்தையும் ஒட்டவைத்துவிட்டால் சரியாகிவிடும். வகுப்பில் படித்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து கையில் உட்கார்ந்ததுபோல இருந்தது.

"தினமும் சாயங்காலம் புள்ளையைப் பக்கத்துல உட்கார வச்சு, வரிசையா ஒவ்வொரு கேசட்டா போட்டுக் கேளுங்க. இந்தக் குரல்தான் வளர்ந்து இந்தப் புள்ளையா நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும்" என்றேன்.

அவர் ரொம்ப கவனமாகக் கேட்டுக்கொண்டார். "வரிசையா" என்று ஒரு தடவை திருப்பிச் சொன்னார்.

பேராசிரியைக்கு வாராவாரம் எழுத வேண்டிய கடிதத்தில் நான் இதைச் சொல்லவில்லை. நடந்து முடிந்தபிறகு சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் ஒரு வாரம் எல்லாம் நல்லபடியாகத்தான் தெரிந்தது. மனைவி வந்து, "இப்ப சாயங்காலமானா ரெண்டு பேரும் டேப்ரிக்கார்டர்கிட்ட உட்கார்ந்துடறாங்க டாக்டரம்மா" என்றாள். நான் டாக்டர் இல்லை என்று முதலில் இரண்டு மூன்று தடவை சொன்னேன். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன். அந்தப் புதன்கிழமை டாக்டரும் அவரை ஐந்து நிமிஷம் பார்த்து, பரவாயில்லையே என்று அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

நாலாவது வாரம், சனிக்கிழமை. அவர் டின்னைத் திறந்து இரண்டே கேசட்டை எடுத்து மேஜையில் அடுத்தடுத்து வைத்தார். ஏழு, எட்டு.

"கண்டுபிடிச்சிட்டேன் சிஸ்டர்" என்றார். குரலில் பதற்றமே இல்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் வரிசையா கேட்டேன். இல்லன்னா தெரிஞ்சிருக்காது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல ஆள் மாறிடுச்சு."

"என்ன மாறிடுச்சு?"

"என் புள்ளைக்கு 'ர' வராது. ஏழுல கேளுங்க, லொட்டின்னு சொல்லும். எட்டுல இருக்குறது ரொட்டின்னு சொல்லுது. வீட்டுல இருக்குறதும் ரொட்டின்னுதான் சொல்லுது. என்னைச் சோதிக்கிறதுக்காக வேற ஒண்ணைக் கொண்டுவந்து வச்சிருக்காங்க."

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஐந்து மாத இடைவெளி இருக்கிறது, அந்த ஐந்து மாதத்தில் குழந்தைக்கு 'ர' வந்திருக்கும், எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் என்று விளக்கினேன். நான் பேசப் பேச அவர் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. என்மேல் இரக்கம்.

"உங்களையும் நம்ப வச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கேசட்டுகளை டின்னில் வைத்து மூடினார்.

திங்கட்கிழமை மனைவி ஓடிவந்தாள். மத்தியானம் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுப்பி, லொட்டி சொல்லு, லொட்டி சொல்லு என்கிறாராம். காது மடலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாராம். அடிக்கவில்லை, திட்டவில்லை. குழந்தை பயந்துபோய் லொட்டி என்று சொன்னதற்கு, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்.

அன்றைக்கே போஸ்ட் ஆபீஸில் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இணைப்புக் கிடைத்ததும் அவசர அவசரமாகச் சொன்னேன். கேசட் யோசனை என்னுடையது என்பதைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன்.

நான் முடித்ததும் பேராசிரியை கேட்டார்: "நிஜக் குழந்தை எங்க இருக்குன்னு அவர் நினைக்கிறார்?"

"கேக்கல மேடம்."

"இந்தக் குழந்தையை என்ன பண்ணணும்னு நினைக்கிறார்?"

"அதுவும் கேக்கல."

கம்பியில் கரகரவென்று சத்தம். "நாளைக்குக் காலையில முதல் வேலையா அதைக் கேளு. தனியா இருக்காதே, அந்த அக்காவைப் பக்கத்து ரூம்ல இருக்கச் சொல்லு. அவர் சொல்றதுல குழந்தைக்கு ஆபத்து இருக்குன்னு தோணுச்சுன்னா புதன்கிழமைவரை வச்சுக்காதே, புரியுதா?"

மூன்று நிமிஷம் முடிந்தது என்று எக்ஸ்சேஞ்சில் சொன்னார்கள். புரிந்தது என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டதா என்று தெரியாது.

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு அவர் வந்தார். அக்கா பக்கத்து அறையில் கேஸ் அட்டைகளை அடுக்குவதுபோல உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

"உங்க புள்ள இப்ப எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க?"

"உப்பளத்தைத் தாண்டி, கால்வாய்க்கு அந்தாண்ட. பத்திரமாத்தான் வச்சிருக்காங்க. எனக்குத் தெரியும்."

"அப்போ வீட்டுல இருக்குறது?"

"அதைத் திருப்பிக் குடுத்துடணும். ஆளு யாரும் இல்லாத இடத்துல விட்டுட்டு நான் திரும்பிப் பார்க்காம நின்னா, அவங்க எடுத்துக்கிட்டு என்னுதைக் குடுத்துடுவாங்க." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சிஸ்டர், இதை அவகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா என்னைத் தடுத்துடுவா. நீங்கதான் இங்க பேசறது வெளிய போகாதுன்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். முதல் நாளே சொல்லியிருந்தேன், பாடத்தில் இருப்பதுபோல.

"எப்ப பண்ணப்போறீங்க?"

"நேரம் வரணும்" என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது.

அக்கா உள்ளே வந்தார். எல்லாம் கேட்டிருந்தார். "வா, அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடலாம்" என்றார்.

நான் உடனே கிளம்பவில்லை. இதை எழுதும்போதும் அந்த ஒரு மணி நேரத்தைச் சுருக்கிச் சொல்லத்தான் கை போகிறது. அவர் என்னை நம்பிச் சொன்னதை எப்படி வெளியில் சொல்வது என்றேன். நேரம் வரணும் என்றுதானே சொன்னார், நாளைக்கு டாக்டர் வந்துவிடுவாரே என்றேன். பேராசிரியையிடம் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று போஸ்ட் ஆபீஸுக்குப் போனேன். லைன் கிடைக்கவில்லை. திரும்பி வந்து நோட்டை எடுத்து அவர் சொன்னதை வரிக்கு வரி எழுதினேன். எழுதினால் தெளிவு கிடைக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. அக்கா வாசல்படியிலேயே நின்றிருந்தார்.

"பாப்பா, நீ எழுதறதை அப்புறம் எழுது. நீ வரலன்னா நான் போறேன்" என்றார்.

அப்போதுதான் எழுந்தேன். மணி பத்தாகியிருந்தது.

வீட்டில் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இன்னைக்குத்தான் டாக்டரம்மா அவரே புள்ளையைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. புது கவுனு போட்டு விடச் சொன்னாரு. கடைக்குப் போயிருப்பாங்க."

"எப்ப போனாங்க?" என்றார் அக்கா.

"உங்ககிட்டேர்ந்து வந்த உடனே. குடைகூட எடுத்துக்கிட்டாரு."

அக்கா அவளிடம் ஒன்றிரண்டு வாக்கியத்தில் சொன்னார். உப்பளத்துப் பக்கம் போயிருப்பார், புள்ளையை அங்கே விடப் போகிறார், அவர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வா. அவ்வளவுதான். மனைவி கையில் இருந்த மீன் சட்டியிலேயே விழுந்தது. அவள் துணிக்கடைக்கு ஓடினாள். நாங்கள் உப்பளத்துப் பக்கம் ஓடினோம்.

மரக்காணத்து உப்பளத்தில் வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் வாரி முடித்து, பத்து பத்தரைக்கெல்லாம் ஆட்கள் கரையேறிவிடுவார்கள். எதிரே கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முழங்கால்வரை உப்புப் பூத்த கால்களோடு. அக்கா எல்லோரையும் நிறுத்திக் கேட்டார். ஒரு பெண், "ஒரு பாய் சின்னப் புள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கால்வாய்ப் பக்கமாப் போனாரு. ஏம்பா இந்த வெயில்லன்னு கேட்டேன், பேசாமப் போயிட்டாரு" என்றாள்.

ஆளில்லாத உப்பளத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாத்திகளில் தண்ணீர் அசையாமல் நின்றது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை கண்ணைக் குத்தியது. வரப்பு ஒரு முழம் அகலம்தான், ஈரமாக இருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணை இடுக்கியபடி தரையில் நடப்பதுபோல நடந்தார். நான் இரண்டு தடவை சறுக்கிப் பாத்திக்குள் கால் வைத்தேன். செருப்பு கடித்திருந்த இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டுத் தீயாக எரிந்தது. இதே தண்ணீரில் ஐந்து வயதுக் குழந்தை விழுந்தால் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அதற்கப்பால் கால்வாய் வேறு இருந்தது.

அக்காதான் முதலில் பார்த்தார். தூரத்தில் ஒரு கறுப்புக் குடை. குடைக்குக் கீழே ரோஸ் கலர் கவுன். கால்வாய்க் கரையை ஒட்டின கடைசி வரப்பில் குழந்தை நின்றுகொண்டிருந்தது. குடை அதைவிடப் பெரிதாக இருந்தது, காற்றில் இழுத்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் இரண்டடியில் தண்ணீர். அவர் நாங்கள் வந்த பக்கமாக, குழந்தையிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றார்.

"நான் சுத்திப் போய்ப் புள்ளையை எடுக்கறேன். நீ அவரைத் திரும்ப விடாமப் பேசு" என்று காதோடு சொல்லிவிட்டு அக்கா பக்கத்து வரப்பில் இறங்கினார்.

நான் அவரை நோக்கி நடந்தேன்.

"யாரு?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"நான்தான். கிளினிக்லேர்ந்து."

"பின்னாடி பார்த்தா வரமாட்டாங்க சிஸ்டர். நீங்களும் பார்க்காதீங்க."

நான் அவர் பக்கத்தில் போய், அவர் முகம் இருந்த திசையிலேயே திரும்பி நின்றேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது குழந்தை எனக்கும் முதுகுக்குப் பின்னால். அக்கா எவ்வளவு தூரம் போயிருப்பார், குழந்தை அக்காவைப் பார்த்து மிரண்டு ஓரடி பின்னால் வைத்துவிடுமா, எதுவும் தெரியாது. காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டேன். குடைத்துணி காற்றில் படபடக்கிற சத்தம் கேட்டது. அது கேட்கிறவரை குழந்தை நிற்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"தெரியல. வாட்ச்சை வீட்டுலயே கழட்டி வச்சிட்டேன்."

"வெயில் ரொம்ப இருக்குது."

"அதான் அதுக்குக் குடை குடுத்திருக்கேன். அது என்ன பண்ணும் பாவம். அதுவும் யாரோ பெத்த புள்ளைதானே."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். யோசித்துப் பிடிக்கவில்லை. பிடிப்பதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை.

"தண்ணி குடிச்சுதா அது?"

அவர் கண்ணைத் திறந்தார். உதடு வெடித்துப் போயிருந்தது. "இல்ல. எடுத்துட்டு வரல. மறந்துட்டேன்."

"யாரோ பெத்த புள்ளைன்னு நீங்கதான் சொல்றீங்க. தாகத்தோட நிக்கலாமா?"

"தண்ணி குடுக்கணும்னா நான் திரும்பணும்."

"நீங்க திரும்ப வேணாம். அக்கா வந்திருக்காங்க. அவங்க கூட்டிட்டுப் போய்த் தண்ணி குடுப்பாங்க. நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

குடைச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்காமல் இருக்க ஒரு கையால் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்போ என் புள்ள வராமப் போயிடுமே" என்றார்.

வரும் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதை நம்பியிருப்பார். அப்புறம் ஒவ்வொரு நாளும் அதற்குக் காத்திருப்பார். "அது எனக்குத் தெரியலங்க. ஆனா இந்தப் புள்ள இப்ப வெயில்ல நிக்குது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "சரி. குடுக்கச் சொல்லுங்க."

"அக்கா" என்று கூப்பிட்டேன். பின்னாலிருந்து பதில் வந்தது: "இடுப்புல வச்சிருக்கேன் பாப்பா. குடையை மடக்கிட்டேன்."

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தம் போட்டு அழவில்லை. தோள்தான் குலுங்கியது. நானும் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் இரண்டு மூன்று பேரோடு ஓடிவந்தார். வந்த வேகத்தில் தம்பியின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். நான் நடுவில் போய் நின்றுகொண்டு, "அவரே புள்ளையைக் குடுத்துட்டாருங்க, கை வைக்காதீங்க" என்றேன். அண்ணன் கையை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டுத் தலையில் கைவைத்து அங்கேயே நின்றார்.

மனைவி கடைசியாக வந்தாள். குழந்தையை அக்காவிடமிருந்து வாங்கி, முகம், கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அவரு உங்ககிட்ட இதை எப்ப சொன்னாரு?"

"காலையில."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பது."

"ஒன்பது மணிக்கே தெரியும். பத்து மணிக்கு மேல வந்து சொல்றீங்க. ஏன்?"

அவர் என்னிடம் ரகசியமாகச் சொன்னது என்று மீன் கழுவின கையோடு, இடுப்பில் குழந்தையோடு நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது. அவள் காத்திருக்கவில்லை. முக்காட்டைக் குழந்தையின் தலைக்கும் சேர்த்து இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள்.

அன்று மத்தியானமே ஒரு வாடகைக் காரில் அவரைப் பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அண்ணன் முன்னால், அவர் பின்னால் எனக்கும் அக்காவுக்கும் நடுவில். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊரைத் தாண்டும்போது, "உங்க வீடு இங்கதானே சிஸ்டர், இறங்கிக்கறீங்களா?" என்று கேட்டார். இல்லை, கூடவே வருகிறேன் என்றேன். அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பேராசிரியை அந்த வெள்ளிக்கிழமை மரக்காணம் வந்தார். அக்காவை வெளியே அனுப்பவில்லை, அவரையும் உட்கார வைத்துக்கொண்டு என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். "தினமும் சாயங்காலம் வரிசையாக" என்று நான் எழுதியிருந்த பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"இது யார் யோசனை?"

"என்னோடது."

"போன்ல சொல்லலையே."

"சொல்லல மேடம்."

நோட்டை மூடினார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"கேசட் இல்லன்னாலும் இந்த நோய் வேற எதையாவது பிடிச்சுக்கிட்டு வந்திருக்கும். அது உண்மை. நீ பண்ணினது தப்பு, அதுவும் உண்மை. ஒன்பது மணியிலேர்ந்து பத்து மணிவரை உட்கார்ந்திருந்ததுக்கு நான் கத்துக்குடுத்த பாடத்தையே சாக்கா வச்சுக்கிட்டே. இது மூணும் அறிக்கையில வரணும். உன்னைக் காப்பாத்திக்கிற மாதிரி எழுதாதே, உன்னைக் கொன்னுக்கிற மாதிரியும் எழுதாதே."

அறிக்கை முப்பத்தொரு பக்கம்தான் வந்தது. அதற்குமேல் எழுத எனக்கு எதுவும் இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டார். தேறினேன், அவ்வளவுதான்.

அவர் ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மாத்திரை ஒத்துக்கொண்டது. விசா காலாவதியானது, அண்ணன் அதைப் பற்றிப் பிறகு வாயைத் திறக்கவில்லை என்று அக்கா கடிதம் எழுதியிருந்தார்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது மரக்காணம் போனேன். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகத் தைரியமில்லாமல் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் இருந்தேன். அக்கா என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார். வீட்டை ஒட்டி ஒரு சின்ன ஷெட் போட்டு மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். உடம்பு பருத்திருந்தது, மாத்திரையினால் கை லேசாக நடுங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மனைவி ஷெட் வாசலில் வந்து நின்றாள். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். குடித்தேன். அவள் அதற்குமேல் நிற்கவில்லை.

அவள் உள்ளே போனபிறகு அவர் சொன்னார். "அது என் புள்ளைதான்னு இப்பத் தெரியும் சிஸ்டர். தெரியுது. ஆனா சில நாள் காலையில எழுந்ததும் நானே ஒரு தடவை எனக்குச் சொல்லிக்க வேண்டியிருக்குது."

"சொல்லிக்கங்க" என்றேன். "அதுல தப்பு இல்ல."

ஸ்பேனரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அங்க நான் நின்னப்போ புள்ள என்னைக் கூப்பிட்டுச்சா? எனக்கு ஞாபகம் வர மாட்டேங்குது. வீட்டுல யார்கிட்டயும் கேக்க முடியல" என்றார்.

அங்கே நின்ற நேரம் முழுக்க நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவள். எனக்கு நன்றாகத் தெரியும்.

"இல்லங்க" என்றேன். "நான் வந்ததுலேர்ந்து கூப்பிடல. நீங்க நிக்கச் சொன்ன இடத்துல அப்படியே நின்னுச்சு."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அப்புறம் ஷெட்டுக்குப் பின்பக்கம் திரும்பி, பெயர் சொல்லி மகளைக் கூப்பிட்டார். அது ஓடி வரவில்லை. கதவோரத்தில் வந்து நின்று, என்ன என்று கேட்டது. ஒன்றுமில்லை, அம்மாவிடம் டீ கிளாஸைக் கொண்டுபோய்க் கொடு என்றார். அது என் கையிலிருந்து கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.